டிப்பரில் எரு இறக்கும்போது

வங்கியில் இருந்தபோது டிப்பர் டிரெய்லருக்குக் கடன் நிறையப் போட்டிருக்கிறேன். அது எருவை இறக்கும் விதத்தைத் தோட்டத்துக்கு வந்துதான் படித்தேன். டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தம்தான் பெட்டியைத் தூக்குது. மக்கிய எரு பொலபொலவென்று சரியும்; ஈரச் சாணமோ முன்பக்கம் ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். பாரம் உச்சியில் இருக்கும்போது ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி சாயும். சமதரையில் நிறுத்தச் சொல்லுங்க. அண்ணாந்து கரண்ட் கம்பியையும் பாருங்க; நம்ம காட்டுக் கம்பியெல்லாம் தொய்ந்துதானே கிடக்கு!

ஒட்டியதைத் தள்ள மண்வெட்டியோடு யாரும் பின்னால் போகவேண்டாம். பெட்டியை இறக்கிவிட்டு ஏறிச் சுரண்டலாம். தூக்கிய பெட்டிக்கு அடியில் கிரீஸ் வைக்கக் குனிவது அதைவிட மோசம்: எண்ணெய்க் குழாய் வெடித்தால் பெட்டி அப்படியே விழும். இரும்பு முட்டு கொடுத்த பிறகுதான் என் தோட்டத்தில் யாரையும் அடியில் விடுகிறேன்.