பயந்து முடிவெடுக்காதே, மக்களே

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை தோட்ட விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தேனடையை உன் சின்னவன் ஆசையாகத்தான் குனிந்து பார்த்தான். நீ "ஐயோ, கொட்டிடும்!" என்று கத்திய பிறகே அவன் அழுதான். அத்தனை பேர் முன்னால் சொல்ல மனசு வரவில்லை. உன் சமையலறை ஜன்னலோரத் தேனீக்கூட்டுக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிட்டிருக்கிறாய் என்று நேற்று உன் அம்மா சொன்னதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் மாமா பயந்து செய்ததை நீயும் செய்யாதே. 1991-92இல் தேனீக்களைத் தாக்கும் தாய் சாக்புரூட் வைரஸ் நம் மார்த்தாண்டம் பக்கம் வந்தபோது, புழுக்கள் அடையிலேயே தண்ணீர்ப் பைபோல உப்பிச் செத்தன. ஊர் முழுக்கத் தேனீப் பெட்டிகள் காலி. "பொறு, தாங்கி நிற்கிற கூட்டம் ஒன்றிரண்டாவது இருக்கும்" என்றார் தாத்தா. மாமா கேட்டாரா? அத்தனை பெட்டியையும் விறகு விலைக்குத் தள்ளிவிட்டார். உன் அம்மா இதை வேறு விதமாகச் சொல்வாள். நான் முற்றத்தில் நின்று பார்த்தவள். நோயைத் தாங்கிய கூட்டங்களிலிருந்து தேனீக்கள் மறுபடி பெருகின. பொறுத்திருந்த அடுத்த வீட்டார், ரப்பர் மரம் தளிர்க்கும் காலத்தில் தேன் எடுத்தார்கள். ரப்பர்த் தேன் பூவில் ஊறுவதில்லை, இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும். தாத்தா அதை விரலில் தொட்டு என் நாக்கில் வைத்தார். மாமா பிள்ளைகளுக்கு அந்த ருசி தெரியாது.

சிங்கப்பூரில் எத்தனை வகைத் தேனீ இருந்துவிடப் போகிறது என்று நினைக்காதே. நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. உங்கள் புளோக் சமூகத் தோட்டத்து முருங்கையடியில் காலையில் சின்னவனோடு நில். பெருவிரல் நுனியளவில் கறுப்பாக, ரீங்காரத்தோடு வருவது தச்சுத் தேனீ. பூவை விட்டு எழும்போது முதுகெல்லாம் மஞ்சள் பொடி. நம் தேசிய மலரான மிஸ் ஜோவாக்கிம் ஆர்க்கிட்டையும் அது தேடிப் போகும். நீலப் பட்டை போட்ட இன்னொன்று, கத்தரிப் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். கொசுத்தேனீயோ கொட்டவே கொட்டாது.

மற்றவை கொட்டும், மறுக்கவில்லை. முள் தைத்தால் உடனே நகத்தால் சுரண்டி எடு. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ 995ஐக் கூப்பிடு. கூட்டைக் குழந்தைகள் நெருங்காமல் பார்த்துக்கொண்டு டவுன் கவுன்சிலுக்குச் சொல். உயிரோடு எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தடிக்கிறவரை இன்றைக்கே வேண்டாமென்று சொல்லிவிடு.

சனிக்கிழமை சின்னவனுக்கு மறுபடி விழாவா, டியூஷனா என்பது உன் இஷ்டம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன டியூஷனோ, எனக்கு விளங்கவில்லை. டீச்சரிடம் நானே பேசுகிறேன்.

கோபப்படாதே மக்களே. வேலைக்கும் போய், ராத்திரி காய்ச்சலுக்கும் விழித்திருந்து, உன்னைப்போல் பிள்ளை வளர்க்க எங்களில் ஒருத்திக்கும் வராது. என் கண்ணே நீதான். மீன் குழம்பு வைத்துக் கொண்டுவருகிறேன், காரம் குறைத்து. சனிக்கிழமை பத்து மணிக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி வாசலில் நிற்பேன். சின்னவனையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு.

பெரியம்மா