முதலில் எந்தத் தெருவில் வடியும்?

கேள்வி: மழை விட்டதும் நகரத்துக்குள் தண்ணீர் வடிந்துவிடுகிறது. எங்கள் முடிச்சூரில் மட்டும் ஏன் நாள்கணக்கில் நிற்கிறது?
- ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: உங்கள் ஊர் அடையாற்றங்கரையில், ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது அதனால்தான். ஆனால் வந்த தண்ணீர் போகாமல் நிற்பதில் எல்லைக்கோட்டுக்கும் பங்கு உண்டு. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூரை ஊராட்சியாகவே விட்டுவிட்டார்கள். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். ஒட்டியிருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். ஆறு நீர்வளத் துறையிடம். ஒரே வெள்ளத்துக்கு எத்தனை பேரிடம் மனு கொடுப்பது? மாநகராட்சிக்கு இருக்கும் ஆள்பலமும் பணமும் ஊராட்சிக்கு ஏது?

தண்ணீரை இறைக்க டிராக்டரில் பூட்டிய மோட்டார் வந்தால், குழாயின் மறுமுனை எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். பல நேரம் அடுத்த காலி மனையில்தான். அங்கிருந்து தண்ணீர் பின்தெருவுக்குள் போகும். கேட்க நாதியில்லாத தெரு அதைச் சுமக்கிறது. இது அநியாயம்.

கைவிடப்பட்ட தெருவின் கோபம் வேறு ஊர்களில் மேயர்களையே உலுக்கியிருக்கிறது. 1969-ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பனி நாள்கணக்கில் அள்ளப்படாமல் கிடந்தது. பார்க்க வந்த மேயர் ஜான் லிண்ட்சேயை மக்கள் நேருக்கு நேர் ஏசினார்கள். சிகாகோ மேயர் மைக்கேல் பிலாண்டிக் 1979-ல் தன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலேயே தோற்றார். பனி அள்ளாத கோபம் அதற்குப் பெரிய காரணம்.

நீங்கள் வெள்ளம் வரும்வரை காத்திருக்காமல் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே கேளுங்கள்: எத்தனை மோட்டார், எந்தத் தெருவுக்கு முதலில், தண்ணீரை எங்கே விடுவார்கள்? தீர்மானமாக எழுத வையுங்கள். மழை தொடங்கிய பிறகு மோட்டார் கிடைக்காது.