கோபிஸ் இலையில் தெரியாத பூச்சியா? மருந்து அடிக்கும் முன் உற்றுப் பாருங்கள்

பிரிஞ்சாங்கில் வீட்டுப் பின்புறம் கோபிஸ், சாவி, தக்காளி என்று நாலு பாத்தி போட்டிருக்கும் பெரியவர்களுக்கு இந்தக் குறிப்பு. இதுவரை பார்க்காத பூச்சி இலையில் தெரிந்தால் உடனே மருந்துப் போத்தலைத் தேடாதீர்கள். உங்கள் உடம்புக்குப் பெரும்பாலும் ஆபத்து பூச்சியால் வருவதில்லை, அதற்கு அடிக்கும் மருந்தால் வருகிறது. கண் சரியாகத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கோபிஸ் இலையின் அடியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெளிர்பச்சைப் புழு இருக்கிறதா? தொட்டதும் நெளிந்து பின்வாங்கி, நூல் விட்டுத் தொங்கினால், அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இலையைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடி போல் விட்டு வைக்கும். தாய்ப்பூச்சி சாம்பல் கலந்த பழுப்பு நிறம். சிறகை மடித்து உட்காரும்போது முதுகில் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும்.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல, 1925லேயே பதிவாகியிருக்கிறது. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் திரும்பத் திரும்ப மருந்து அடித்ததில், தப்பிப் பிழைத்த புழுக்களின் வாரிசுகள் பெருகின. பல மருந்துகள் அதற்குப் பலிக்காமல் போயின. அதனால் 1970களில் வெளிநாட்டிலிருந்து டயடெக்மா என்ற சிறிய குளவியைக் கொண்டுவந்து இந்த மலையில் விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டை இடும். குளவிக் குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். பெயர் குளவி என்றாலும் மனிதரை நாடி வந்து கொட்டாது. கடுமையான மருந்து அடித்தால் புழு பிழைத்து, இந்தக் குளவி செத்துப்போகலாம். இடுப்பு ஒடுங்கிய, சிறகு முளைத்த எறும்பு மாதிரி ஒன்று செடியைச் சுற்றினால் அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் பலர் பயந்து நசுக்குகிறார்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலை போல் ஊர்வது பொறிவண்டின் குஞ்சு. கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிதான் அதற்குச் சாப்பாடு.

நாலு பாத்திக்குக் கைவேலையே போதும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துப் புழுவை எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். உரோமம் உள்ள கம்பளிப்பூச்சியை வெறுங்கையால் தொடாதீர்கள், அரிக்கும். அசுவினிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். செடியை மெல்லிய வலையால் மூடினால் அந்துப்பூச்சி முட்டை இடுவது குறையும். குனிய முடியாதவர்கள் தொட்டியில் நடலாம்.

மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால், பூச்சிமருந்து வாரியத்தின் பதிவு எண் உள்ள போத்தலையே வாங்குங்கள். அளவையும், அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் லேபிளில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையுறை, முகக்கவசம், நீளக்கைச் சட்டை வேண்டும். காற்றடிக்கும் நேரம் வேண்டாம். தோட்டத்தில் மிஞ்சிய மருந்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவரும் பழக்கம் மிக ஆபத்தானது. இருட்டில் தண்ணீர் என்று நினைத்துக் குடிக்க ஒரு நிமிடம் போதும்.

மருந்து அடித்தபின் வியர்வை கொட்டுவது, வாயில் எச்சில் ஊறுவது, வாந்தி, கண் மங்கல், தசை துடிப்பு, மூச்சுத்திணறல் இவை நச்சின் அறிகுறிகள். வயதாகிவிட்டது, களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். உடனே உடுப்பைக் களைந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தண்ணீர் விடுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள், அல்லது யாராவது உங்களைத் தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். மருந்துப் போத்தலை லேபிளோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்தப் பூச்சி என்று தெரியவில்லையா? அதை இலையோடு மூடிய போத்தலில் போட்டு விவசாய இலாகா அலுவலகத்தில் காட்டுங்கள்.