வரன் பார்க்கும் கணக்கு

பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் வீடு, கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலை, வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்காக வேலையை விட மனமில்லாத பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எதில் கறாராக நிற்கலாம், எதில் தளரலாம் என்பதற்குக் கணிதத்தில் நல்ல விடைகள் உண்டு.

முதலில் நிபந்தனைகளை எண்ணுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒவ்வொரு நிபந்தனையும் பாதிப் பேரைக் கழிக்கிறது என்று வையுங்கள். 1000 வரன்களில் ஐந்து நிபந்தனைகளைத் தாண்டுவோர் 31 பேர். பத்தைத் தாண்ட ஒருவர் தேறுவதே சந்தேகம். உயரம், சொந்த வீடு, கார் என்று வீட்டார் அடுக்குவதெல்லாம் இப்படித்தான் ஆளைக் குறைக்கிறது. மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உங்கள் விருப்பம்; ஒன்று உங்கள் வேலை: எந்த ஊர், இரவு ஷிப்ட் சம்மதமா, மாற்றல் வந்தால் யார் இடம்பெயர்வது. நட்சத்திரமும் ராசியும் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் இதற்கு இடமே இல்லை.

எத்தனை வரன் பார்த்தபின் சரி சொல்வது? 10 வரன் வரும் என்றால் முதல் மூவரை அளவுகோலாக மட்டும் கொண்டு, அவர்களைவிட மேலாக வரும் முதல் ஆளுக்குச் சம்மதம் சொல்லலாம். ஆகச் சிறந்தவரே அமையும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். கண்ணை மூடித் தொட்டால் 10 சதவீதம்தான். இந்தச் சிக்கல் புதிதல்ல: வானியலாளர் கெப்லர் முதல் மனைவி இறந்தபின் 11 பேரைப் பரிசீலித்து, 1613-ல் ஐந்தாமவரை மணந்தார். ஆனால் இரண்டாவது சிறந்தவர் கிடைத்தாலும் முதல் மூவரை அளவுகோலாக்கும் சூத்திரம் அதைத் தோல்வி என்றே எண்ணும். வேண்டாம் என்ற ஜாதகம் திரும்பி வராது என்றும் அது நம்புகிறது. நம் தரகர்களோ ஆறு மாதத்தில் அதையே மறுபடி கொண்டுவருவார்கள். முதலில் வந்தவரையே மனதுக்குப் பிடித்துவிட்டால் சூத்திரத்துக்காகத் தட்டிக்கழிக்காதீர்கள்.

நான் அதிகம் மதிப்பது மூன்றாவது கணக்கை. 1962-ல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் ஒரு முறையை வகுத்தார்கள். ஆண்கள் தங்கள் விருப்ப வரிசைப்படி சம்மதம் கேட்டுக்கொண்டே போவார்கள்; பெண்கள் அதுவரை வந்தவரில் சிறந்தவரை நிறுத்திவைத்து மற்றவரை அனுப்பிவிடுவார்கள். கடைசியில், தம் துணையைவிட ஒருவரையொருவர் விரும்பும் ஆணும் பெண்ணும் இருக்க மாட்டார்கள். ஆனால் இப்படி நிலைக்கக்கூடிய ஜோடிகளுக்குள், கேட்கிற பக்கத்துக்கு ஆகச் சிறந்தவர் அமைவார். கேட்கப்படுகிற பக்கத்துக்கு ஆகக் கடைசியானவர். ஷாப்லி 2012-ல் ஆல்வின் ராத்துடன் பொருளாதார நோபல் பெற்றார். ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வும் இவ்வகை முறையில்தான் நடக்கிறது. அங்கே கேட்பவர் மாணவர்.

ஆகவே பெண் பார்க்க வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேட்ரிமோனி தளத்தில் உங்கள் கணக்கை நீங்களே கையாளுங்கள். பிடித்தவருக்கு முதலில் விருப்பம் அனுப்புங்கள். பெரியவர்கள் கை நனைப்பதற்கு முன்பே, வீட்டுக்குத் தெரிந்தே பழனியில் சந்தித்து அந்த மூன்று நிபந்தனைகளையும் பற்றி நேரில் கேளுங்கள். வேலை பற்றிய கேள்விக்கு “அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால், இல்லை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த வரனைப் பாருங்கள்.