சுடுகாட்டுச் செலவு: ரசீதில் ஏறாத காசு

2022 ஜூலையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. இனிமேல் எரித்தாலும் புதைத்தாலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டவேண்டும் என்றது அது. செத்தாலும் வரி விடாது என்று பலர் பல்லைக் கடித்தார்கள். நூலுக்கும் துணிக்கும் ஜிஎஸ்டி கணக்குப் போட்டே களைத்த திருப்பூரில் அதை நம்புவதற்குச் சிரமமே இல்லை. இன்றைக்கும் எழவு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களில் யாராவது ஒருவர் அதைச் சொல்லத்தான் செய்கிறார்.

உண்மை வேறு. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஈமச்சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, உடலைக் கொண்டுபோகும் வண்டி ஆகிய சேவைகளை வரிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. 2022 ஜூலை 18-இல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது, தகன மேடையைக் கட்டித்தரும் ஒப்பந்தப் பணிக்கான வரி. சாலை, பாலம், மெட்ரோ, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றின் கட்டுமானமும் அதே பட்டியலில் அடுத்தடுத்து இருந்தது. சாயப்பட்டறைக்காரர் கவலைப்பட வேண்டிய சேதியை எழவு வீட்டுக்காரர் தலையில் இறக்கிவிட்டார்கள்.

வரி இல்லை, சரி. அப்படியானால் இவ்வளவு காசு எங்கே போகிறது?

"மாநகராட்சி சுடுகாடுதானுங்க, காசு எதுக்கு?"

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 74-ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணை, இடுகாடு, சுடுகாடு, மின்தகன மேடை ஆகியவற்றை நகராட்சி அமைப்புகளின் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் இலவசமாகச் செய்யவேண்டும் என்று அங்கே எழுதவில்லை. கட்டணம் உண்டா, எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னை மாநகராட்சி தன் மயானங்களில் எரிக்கவும் புதைக்கவும் கட்டணம் வாங்குவதில்லை. கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021-இல், யாராவது பணம் கேட்டால் 1913-இல் புகார் சொல்லுங்கள் என்று அறிவிக்கவும் செய்தது. வேறு பல ஊர்களில் எரிவாயுத் தகன மேடையை ரோட்டரி, லயன்ஸ், ஈஷா போன்ற அமைப்புகள் உள்ளாட்சியுடன் ஏற்பாடு செய்துகொண்டு நடத்துகின்றன. ஜமாஅத்தின் கபர்ஸ்தானும் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டமும் மாநகராட்சிக் கணக்கிலேயே வராது. ஒரே ஊருக்குள் மூன்று இடத்தில் மூன்று கணக்கு இருப்பது இதனால்தான். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து "கார்ப்பரேஷன் கொள்ளை" என்று திட்டுவது சுலபம், ஆனால் தப்பு.

உண்மையில் எழவு வீட்டுச் செலவில் உள்ளாட்சிக்குப் போகும் தொகை ஒரு மூலையில் கிடக்கும். குளிர்பெட்டி, சாமியானா, நாற்காலி, மாலை, மேளம், வண்டி, சடங்குச் சாமான், வந்தவர்களுக்குக் காபி, சாப்பாடு எல்லாம் தனியார் கணக்கு. மறுநாள் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு "சுடுகாட்டுக்கு இவ்வளவு ஆச்சு" என்கிறோம். வாரச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அந்த மொத்தம் வட்டிக்கு வாங்கவேண்டிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் காசு யார் கைக்குப் போனது என்று பிரித்துப் பார்த்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும்.

"குழி வெட்டறவர் கேக்கறது லஞ்சம்"

மயானத்தைப் பற்றிய கோபங்களில் பெரும்பங்கு இவர் மேல்தான் விழுகிறது. இந்த நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் குழி வெட்டுபவருக்கும் பிணம் எரிப்பவருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அப்பன் செய்தார், மகன் செய்கிறார். தலித் குடும்பங்களின் மேல் சாதி சுமத்திய வேலை அது. பிஎஃப் இல்லை, ஈஎஸ்ஐ இல்லை, கையுறைகூடச் சொந்தக் காசில்தான். அவர் வருமானம் குழிக்கு இவ்வளவு. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் பீஸ் ரேட். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் டைலருக்காவது சனிக்கிழமை கணக்கு முடிக்க ஒரு முதலாளி உண்டு. இவருக்கு முதலாளி என்று கைகாட்ட, அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்தைத் தவிர வேறு ஆளில்லை. மண் கெட்டியான இடத்தில் ஆறடி இறங்க இரண்டு ஆளுக்கு அரை நாள் ஓடிவிடும். அந்தக் கூலியை யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

ஆகவே, சம்பளம் போடாமல் "இலவசம்" என்று பலகை மட்டும் மாட்டினால் செலவு மறையாது. ரசீதில் இருந்த காசு கைக்கு மாறும், அவ்வளவுதான். ரசீதில் இருந்தவரை அதற்கு ஓர் அளவு இருந்தது. கைக்கு மாறியபின் குடும்பத்தின் உடுப்பையும் வந்திருக்கும் கார்களையும் பார்த்துத் தொகை முடிவாகும். சம்பளம் வாங்கிக்கொண்டும் கைநீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். அது லஞ்சமேதான், புகார் செய்யவேண்டும். சம்பளமே இல்லாதவர் கேட்பதை நான் அந்தப் பெயரால் அழைக்கமாட்டேன்.

நியூயார்க் மாநகரம் 1869 முதல் ஹார்ட் தீவில் ஏழைகளையும் உரிமை கோரப்படாதவர்களையும் இலவசமாக அடக்கம் செய்துவருகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மண்ணுக்குள் இருக்கிறார்கள். அவ்வளவு பேருக்கும் இலவசம் எப்படிக் கட்டுப்படியானது? 2020 வரை அங்கே குழி தோண்டியவர்கள் சிறைக் கைதிகள், கூலி சொற்பம். பணக்கார நகரத்திலும் "இலவசம்" என்பதன் அடியில் ஒருவருடைய மலிவான உழைப்பு இருந்திருக்கிறது.

"சமாதி கட்டிவிட்டால் இடம் நமது"

இல்லை. பொது மயானம் வருவாய்த் துறைக் கணக்கில் பெரும்பாலும் மயானப் புறம்போக்கு. டைல்ஸ் ஒட்டி, பெயர் பொறித்து, கம்பி வேலி போட்டாலும் பட்டா வராது. இடம் தீர்ந்துகொண்டே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1961-இல் சுமார் 80 ஆயிரம் பேர் இருந்த திருப்பூர், 2011 கணக்கெடுப்பில் விரிந்த மாநகர எல்லைக்குள் 8.77 லட்சமானது. சுடுகாட்டு நிலம் அந்த வேகத்தில் வளராது. எரிவாயு மேடை வந்துவிட்டதால் இனி இடுகாடே வேண்டாம் என்பாரும் உண்டு. கொங்கு நாட்டில் புதைக்கும் வழக்கமுள்ள சமூகங்கள் எத்தனை என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் இன்னும் அடக்கத்துக்குத் திறந்திருக்கும் ஒரே இடமான சுவா சூ காங் கல்லறையில், 1998 முதலான விதிப்படி, ஒரு குழிக்கு 15 ஆண்டுதான் தவணை. பிறகு எலும்பை எடுத்து எரிப்பார்கள். சமய வழக்கம் எரிக்கத் தடுத்தால் சிறிய குழிக்கு மாற்றுவார்கள். நம்மூரில் அப்படி வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கான்கிரீட் போடுகிற ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுச் சாவுக்கான இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

அப்படியானால் சொந்தத் தோட்டத்தில் புதைத்துவிட்டால் செலவே இல்லையே என்பது இன்னொரு நம்பிக்கை. தோட்டங்காட்டுப் பகுதிகளில் இது பழைய வழக்கமும்கூட. சட்டம் அதற்கு ஒத்துவராது. கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு இடுகாட்டு, சுடுகாட்டு விதிகளின்படி, பதிவான மயானத்துக்கு வெளியே புதைக்க அனுமதி வேண்டும். குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் கூடாது. 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை சென்னை பெரம்பூரில் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய உயர் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் தனியார் நிலத்தில்தான் அடக்கம் நடந்தது. அதற்கும் அனுமதி வாங்கித்தான்.

"வெளியூர்க்காரனுக்கு இங்கே குழி கிடைக்காது"

ராமநாதபுரத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து லைன் வீட்டில் தங்கி வேலை பார்ப்பவர் இறந்தால், உடலைக் கட்டாயம் ஊருக்குத்தான் அனுப்பவேண்டும் என்று கம்பெனி சூப்பர்வைசரே சொல்லிவிடுகிறார். பொது மயானம் இறந்த இடத்தைப் பார்க்கிறது, ரேஷன் கார்டில் உள்ள ஊரைப் பார்ப்பதில்லை. வாழ்வுரிமையில் அடங்கிய கண்ணியம் இறந்தவரின் உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் பேசியது. வீடற்றவர்களுக்கும் கண்ணியமான இறுதிச் சடங்கு உண்டு என்று 2002-இல் ஆஷ்ரய் அதிகார் அபியான் வழக்கில் சொன்னது. ஊருக்குக் கொண்டுபோவது குடும்பத்தின் விருப்பம், கட்டாயம் அல்ல. கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், அரசு மருத்துவமனையில் இறந்தவரை எடுத்துச்செல்லச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அரசு நடத்தும் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. எண் 155377. மருத்துவமனை வாசலில் நிற்கும் தனியார் ஆம்புலன்சிடம் பேரம் பேசும் முன் அந்த எண்ணைக் கூப்பிடவேண்டும்.

"செத்தபிறகு ஈஎஸ்ஐ என்னத்தைத் தரும்?"

15 ஆயிரம் ரூபாய் வரை தரும். 2019-க்கு முன் 10 ஆயிரமாக இருந்தது. காப்பீடு பெற்ற தொழிலாளி இறந்தால், இறுதிச் சடங்கைச் செய்த உறவினருக்கோ, உறவினர் இல்லாவிட்டால் செலவு செய்தவருக்கோ, உண்மையான செலவு அந்த உச்சவரம்புக்குள் கிடைக்கும். ஈஎஸ்ஐ இல்லாத வீட்டுத் தையல்காரர் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் ஈமச்சடங்குக்கு 5 ஆயிரம் ரூபாய் உண்டு. மரண உதவித்தொகை அதற்கு மேல் தனி. பிஎஃப் உள்ளவருக்கு, அதனுடன் இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் வாரிசுக்கு 7 லட்சம் வரை வாய்ப்பிருக்கிறது. இவற்றைக் கேட்காமலே விட்டுவிட்டுக் கந்துவட்டிக்காரரிடம் போகிறார்கள்.

கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது கேளுங்கள். கேட்க மனம் வராத நேரம்தான், அதனால் துக்கத்தில் இல்லாத ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மாநகராட்சி செய்யவேண்டியவை இரண்டுதான். மயான வாசலில் கட்டணப் பலகை வைக்கவேண்டும், உள்ளே வேலை செய்கிறவருக்கு மாதச் சம்பளம் தரவேண்டும். வார்டு கவுன்சிலரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். குடும்பம் மறக்கக்கூடாத கெடுவும் இரண்டு. சாவை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஈஎஸ்ஐ அலுவலகத்தில் ஈமச்சடங்குத் தொகை கேட்க 3 மாதம் அவகாசம்.