சிறார் வரலாற்றுப் புனைவில் ஒடுக்குமுறையின் குறியீடுகள்: தோள்சீலைப் போராட்டத்தை முன்வைத்து

முன்னுரை

இனப்பாகுபாட்டைச் சிறார்க்கு உணர்த்தும் வரலாற்றுப் புனைவுகளில் புழங்குபொருள்களே பெரும்பாலும் குறியீடாகின்றன. 1976இல் வெளிவந்த மில்ட்ரெட் டெய்லரின் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை’ என்னும் அமெரிக்கப் புதினத்தில், வெள்ளையர் பள்ளிகள் பயன்படுத்திக் கழித்த பாடநூல்கள் கறுப்பினக் குழந்தைகளின் கைக்கு வருகின்றன. நைந்த பின்னரே அவை அவர்களுக்கு உரியவாயின என்பதை நூலினுள் ஒட்டப்பட்ட பட்டியலே காட்டிவிடுகிறது. அங்கு நூல் முதலில் நூல், பின்னரே குறியீடு. இவ்வளவுகோலை நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இனமும் சாதியும்

இனமும் சாதியும் ஒன்றல்ல. நிறம் கண்ணுக்குப் புலனாவது. சாதி அவ்வாறு புலனாவதன்று. ஆதலால் சாதியைப் புலப்படுத்த ஆடைவிதி தேவைப்பட்டது. திருவிதாங்கூரில் சீலை இவ்வகையில் அடையாளமாக்கப்பட்டது.

சீலை

நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப்போல் மேலாடை அணிவதை 1829ஆம் ஆண்டு அரசாணை தடுத்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் அறிவிப்பு மார்பை மறைக்க இசைந்தது. எனினும் உயர்சாதியார் அணியும் முறையை விலக்கியே வைத்தது. எனவே வழக்கின் மையம் நாணம் அன்று, ஒப்புமை. சீலையை மானத்தின் குறியீடாக மட்டும் காட்டும் புனைவு, இழிவைப் பெண்ணுடலின் மேல் ஏற்றிவிட்டு விதி வகுத்தவரை மறைத்துவிடும். 1859ஐ முழுவெற்றியாக முடித்துக்காட்டுவதும் பிழையே.

கிணறும் கண்ணாடியும்

வைகுண்டரின் (1809–1851) சாமித்தோப்பு இயக்கம் எதிர்க்குறியீடுகளை வழங்குகிறது. அனைத்துச் சாதியாரும் ஒருங்கே புழங்கிய முத்திரிக்கிணறு, வழிபாட்டிடத்துக் கண்ணாடி, வழிபடும் ஆண்கள் அணியும் தலைப்பாகை ஆகியவை இன்றும் அங்குக் காணத்தக்கவை. தெய்வவுருவை எதிர்பார்த்து நிற்கும் குழந்தை கண்ணாடியில் காண்பது தன் முகத்தை. இதற்கு உரை தேவையில்லை. ஆசிரியர் விளக்கம் சேர்த்தால் குறியீடு அறிவுரையாகச் சுருங்கும். கிணறும் அவ்வாறே. சமத்துவம் என்னும் சொல்லைவிட, ஒரே நீரில் வாளியிறக்கும் இரு கைகள் சிறார்க்கு எளிதில் விளங்கும்.

முடிவுரை

தோள்சீலைப் போராட்டத்தையும் எடுத்துரைத்த ஆடை வரலாற்றுப் பாடம் 2019இல் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது. பாடநூல் கைவிட்டதைக் கதை ஏற்கும் நிலையில் புனைவாசிரியரின் பொறுப்பு மிகுகிறது. ஆணையிட்டது யார், மறுத்தது யார், ஆண்டு எது என்பன கதையினின்று மறையுமாயின் குறியீடு வரலாற்றை உணர்த்தாது, மறக்கச் செய்யும். பொருள் பொருளாகவும் ஆணை ஆணையாகவும் நிற்கும் கதையிலேயே குழந்தை, ‘இவ்விதியை யார் செய்தார்?’ என்று வினவும். அவ்வினாவை எழுப்புவதே இத்தகு புனைவின் பயனாகும்.