உழைப்பைக் குறை சொல்லும் முன்

திருவாமாத்தூர்

அன்புள்ள மருமகன் இளங்கோவுக்கு,

போர் நடந்த நாடுகளில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் ஆக்கித் தரும் சரக்கு குறைவு என்று படித்துவிட்டு, அங்குள்ளவர்களுக்கு உழைப்பில் ஊக்கம் இல்லையோ என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கணக்கில் ஆளின் சுறுசுறுப்பு ஒரு பங்குதான். மின்சாரம், மூலப்பொருள், உதிரிபாகம், சாலை எல்லாமே அதற்குள் அடக்கம். இலங்கையின் வடக்கே உள்ள காங்கேசன்துறையைப் பார். 1950இல் தொடங்கிய சிமெண்ட் ஆலை 1990இல் போரால் நின்றுபோனது. எந்த சிமெண்ட் ஆலையிலும் சூளை சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் ராப்பகலாகச் சுழல வேண்டும். சூடாக இருக்கையில் கரண்டு போய்ச் சுழற்சி நின்றால் அந்த நீண்ட இரும்பு உருளை தன் பாரத்திலேயே தொய்ந்து வளையும். அடிக்கடி ஆறவிட்டுச் சூடேற்றினால் உள்ளே பதித்த தீச்செங்கல் வெடித்து உதிரும். ஆலை நின்ற நாளிலும் சம்பளப் பட்டியலில் ஆள் இருப்பார், சரக்கு இருக்காது. வகுத்துப் பார்த்தால் பழி ஆள்மேல் விழும்.

ஓர் ஆலையின் முடக்கம் அதோடு நிற்பதும் இல்லை. அதே வடக்கில், ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த பரந்தன் தொழிற்சாலை 1980களில் முடங்கியது. அந்த உப்புக்கு இருந்த பெரிய கிராக்கியும் அதோடு போயிற்று. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி மூடப்பட்டபின் அங்கே சரக்கு கப்பலில்தான் வந்தது. எந்தப் பொருள் என்று வரும் என்று தெரியாத இடத்தில் எந்த முதலாளி புது இயந்திரம் வாங்குவார்? போர் முடிந்து, கரண்டும் வழியும் சீரானபின், கிளிநொச்சியில் வந்த ஆடைத் தொழிற்சாலைகளில் அந்த மண்ணின் பெண்களே ஏற்றுமதித் துணி தைக்கிறார்கள். ஊக்கம் இல்லாத கைகளா அவை?

குண்டில் தரைமட்டமான ஜெர்மனியும் ஜப்பானும் சில ஆண்டுகளில் எழவில்லையா என்று நீ மறுக்கலாம். எழுந்தன. ஆனால் அங்கே தேர்ந்த ஃபிட்டரும் பொறியாளரும் பெரும்பாலும் நாட்டிலேயே இருந்தார்கள். அமெரிக்கப் பணமும் வந்தது. இலங்கையில் போர் 1983 முதல் 2009 வரை நீண்டது. கைத்தொழில் தெரிந்த ஒரு தலைமுறை கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும், நம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் வரைக்கும் சிதறியது. இடிந்த சுவரைக் கட்டிவிடலாம்; மூத்தவர் பக்கத்தில் நின்று இளையவர் பழகும் வழக்கம் அறுந்தால் எளிதில் ஒட்டாது. போர் முடிந்தும் காங்கேசன்துறைச் சூளை மீண்டும் எரியவில்லை.

அப்படியானால் தொழிற்பயிற்சி வீணா? இல்லை. ஆனால் கரண்டும் வழியும் இல்லாத ஊரில் பயிற்சி மட்டும் கொடுத்தால், பழகியவர் வேறு ஊருக்குத்தான் போவார். ஆகவே இனி நீ படித்தது போன்ற ஒரு கணக்கைப் பார்த்தால், அந்த ஆண்டில் இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை முதலில் தேடு. அதன்பிறகு ஆளைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
உன் மாமா